ஒரே பிரதியாக இருக்கும் கேசட்டைக் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள்: 14,800 ரூபாயும் போய், என் வீட்டுக்காரர் குரலும் போச்சு

இன்றோடு நாற்பத்து மூன்று நாள். நேற்று ராத்திரி அந்த ஆள் என் எண்ணையும் என் மகன் எண்ணையும் பிளாக் செய்துவிட்டான். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் அழுதுவிட்டு விட்டுவிடுவேன்.

பழைய வீடியோ கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றி, மறைந்தவர்களுக்கு நினைவு வீடியோ செய்து தருகிறோம் என்று போனில் விளம்பரம் வருகிறதே, அந்த மாதிரி ஆட்கள்தான். கடை கிடையாது, பலகை கிடையாது, ஒரு வாட்ஸப் எண்ணும் யாரோ அழுதுகொண்டே நன்றி சொல்கிற நாலு வீடியோவும்தான். அதைப் பார்த்து நம்பினேன்.

என் வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் மெக்கானிக். 2017இல் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அதிலிருந்து ஏழு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். தண்ணீரை டம்ளரில் அளந்து குடித்தார். இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், காய்கறியை வெந்நீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மனுஷன் ஒரு நாள்கூட பிள்ளைகள் முன்னால் சலித்துக்கொண்டதில்லை. ஊசி ஏறியிருக்கும் இடது கையை அசைக்கக் கூடாது, வலது கையில் பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலிலேயே மகனின் கணக்கு நோட்டைத் திருத்துவார். பத்தாவது பரீட்சைக்கு அவன் படித்ததில் பாதி அந்த டயாலிசிஸ் அறையில்தான்.

அந்த இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள், டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்து வைக்கிற இணைப்பு அது. தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது விர்ரென்று விரலுக்குத் தெரியும். அது நின்றால் அடைப்பு, உடனே வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஏழு வருஷமும் ராத்திரி அதில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். "ஓடுதா?" என்பார். "ஓடுதுங்க" என்பேன். போன வருஷம் ஆவணியில் எல்லாம் முடிந்தது.

என் போனில் அவர் குரல் இருக்கிறது, ஆனால் அதெல்லாம் நோயில் தேய்ந்துபோன குரல். "கிளம்பிட்டேன், பஸ் ஏறிட்டேன்" அவ்வளவுதான். டெப்போவில் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற அவருடைய பழைய குரல் இருந்தது ஒரே இடத்தில், 1999இல் மகளுக்குக் காது குத்தியபோது எடுத்த வீடியோ கேசட். அதில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு "அழாதடா தங்கம், அப்பா இருக்கேன்ல" என்று சொல்வார். தலைத்திவசத்துக்கு எல்லோரும் கூடும்போது அதைப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். வேறு ஆசை இல்லை.

அந்த எண்ணுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், அவருக்கு என்ன நோய் என்பது உட்பட. பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "அம்மா, எங்க அப்பாவும் டயாலிசிஸ்ல இருந்து போனவர்தான். உங்க கேசட்டை நானே கையால செய்யறேன், பத்து நாள்ல வீட்டுக்கு வந்துடும்" என்றான். நான் அந்த இடத்தில்தான் விழுந்தேன். தெரியாத ஒரு பையன், பெற்ற மகன் மாதிரிப் பேசுகிறானே என்று போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் எழுதி அனுப்பியதை வைத்தே என்னிடம் பேசியிருக்கிறான் என்பது அப்போது உறைக்கவில்லை.

முன்பணம் 5,000. கேசட் போய்ச் சேர்ந்த மறுநாள், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது, ஜப்பானிலிருந்து வந்த புது மெஷினில்தான் எடுக்க முடியும், 6,800 அனுப்புங்கள் என்றான். அனுப்பினேன். அப்புறம் பெரிய போட்டோ பிரேம், கூரியர் இன்சூரன்ஸ் என்று 3,000. ஆக மொத்தம் 14,800 ரூபாய். குடும்ப ஓய்வூதியத்தில் ஓடும் வீடு இது, 14,800 எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

பத்தாம் நாள் கேட்டால் "கரண்ட் இல்லைம்மா". பதினைந்தாம் நாள் "மெஷின் ஹெட் மாத்தணும்". அப்புறம் வேறு ஒருவன் பேசினான், "மேடம், உங்க ஃபைல் வேற டீம்ல இருக்கு". அம்மா போய் மேடம் ஆகிவிட்டேன். வீடியோ வேண்டாம்ப்பா, கேசட்டை மட்டுமாவது திருப்பி அனுப்பு என்று கெஞ்சினேன். அதற்கு 2,500 கட்டச் சொன்னான். தலைத்திவசம் போன வாரம் நடந்தது. சுவரில் மாட்டியிருந்த அதே பழைய போட்டோவுக்கு மாலை போட்டோம். மகள் ஒன்றும் பேசவில்லை, என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரரிடம் இப்போது போய்க் கேட்டேன். வீடியோ பிளேயர் செய்வதை உலகத்திலேயே கடைசிக் கம்பெனியும் 2016இல் நிறுத்திவிட்டதாம், ஜப்பான் புது மெஷின் என்பதே பொய். மூன்று மணி நேரக் கேசட் என்றால் ஓட விட்டு எடுக்க மூன்று மணி நேரம் ஆகும், பூஞ்சை இருந்தால் நாடாவில் வெள்ளை வெள்ளையாகக் கண்ணுக்கே தெரியும் என்றார். அவரிடம் இன்னும் ஒரு பழைய பிளேயர் ஓடுகிறது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். முதலில் அங்கே போகாமல் விட்டேனே.

நிறைய எழுதி எச்சரிக்கலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. ஒரே பிரதி இருப்பதைக் கை விட்டு அனுப்பாதீர்கள், நேரில் கொண்டுபோய் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு கையோடு திரும்புங்கள். பணம் அனுப்பும்போது திரையில் வருகிற பெயரைப் பாருங்கள், எனக்கு மூன்று தடவையும் மூன்று வேறு பெயர் வந்தது, நான் கேட்கவே இல்லை. ஏமாந்தது தெரிந்த அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் அடியுங்கள். உடனே சொன்னால் பணம் கை மாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் கடைசிப் பணம் கட்டி மூன்று வாரம் கழித்துத்தான் அடித்தேன், நாளைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்திருந்ததில். துக்கத்தில் இருக்கும்போது தெரியாத யாரிடமும் வீட்டுக் கதை முழுவதையும் எழுதி அனுப்பாதீர்கள்.

புகார் கொடுத்தாகிவிட்டது. 14,800ஐ விடப்போவதில்லை, ஒவ்வொரு ரூபாயும் கேட்பேன். கூரியர் ரசீது என்னிடம் இருக்கிறது, அதிலுள்ள விலாசத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மகன் போகிறான். கறுப்புக் கேசட், வெள்ளை லேபிளில் நீல மையால் "பாப்பா காதுகுத்து 1999" என்று அவர் கையெழுத்தில் இருக்கும், "பாப்பா"வுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருப்பார். பழைய சாமான் கடையிலோ வேறு எங்கேயோ யார் கண்ணிலாவது பட்டால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.