மூன்றரை லட்சத்தில் மூன்று வீடுகள்

எங்கள் தெருவில் மூன்று குடும்பங்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு வந்தது. மூன்றுமே முன்பு கூரை வீடுகள். மூன்று குடும்பத்துக்கும் ஒரே தொகை, ரூ.3.50 லட்சம். ஒரே யூனியன் ஆபீஸ், ஒரே ஓவர்சியர். இன்று ஒரு வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒன்று கதவு, ஜன்னலுக்கு மேல் விட்டம் போடும் லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. மூன்றாவதில் குடியிருக்கவும் செய்கிறார்கள், மேலே இன்னொரு மாடிக்கு வழியும் வைத்திருக்கிறார்கள். பணம் ஒன்றாக இருக்கும்போது முடிவு மட்டும் ஏன் இப்படி வேறு வேறாகிறது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதல் வீடு எங்கள் அம்மாவுடையது. இரண்டாவது அத்தையுடையது. அதனால் எனக்கு இது வெறும் கணக்கு இல்லை.

முதலில் திட்டம். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகள். சொந்தப் பட்டா இடத்தில் குடிசையில் இருப்பவர்களுக்கு. குறைந்தது 360 சதுர அடி கட்ட வேண்டும். அதில் 300 சதுர அடிக்குக் கூரையாகக் கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு நம் விருப்பப்படி கான்கிரீட்டோ, தீப்பிடிக்காத வேறு கூரையோ போடலாம். ஓலையும் ஆஸ்பெஸ்டாசும் கூடாது. பணம் மொத்தமாக வராது. வேலை ஒவ்வொரு மட்டத்தைத் தொடும்போதும் தவணையாக வங்கிக் கணக்கில் ஏறும்.

முன்பு வந்த திட்டங்களோடு பார்த்தால் தொகை நன்றாகவே உயர்ந்திருக்கிறது. 2011இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடிக்கு ரூ.1.80 லட்சத்தில் தொடங்கியது. சதுர அடிக்கு 600 ரூபாய். பிரதமர் வீட்டுத் திட்டத்தின் கிராமப்புறப் பிரிவில் அடிப்படைத் தொகை ரூ.1.20 லட்சம்தான். தளம் போடத் தமிழ்நாடு அரசு தனியாக இன்னொரு ரூ.1.20 லட்சம் சேர்ப்பதால் நம் ஊரில் அது ரூ.2.40 லட்சமாகிறது. கனவு இல்லத்தில் சதுர அடிக்குச் சுமார் 970 ரூபாய் விழுகிறது. ஆனால் எங்கள் பக்கம் எவ்வளவு எளிமையாகக் கட்டினாலும் சதுர அடி 1,600க்குக் குறைந்து எந்த மேஸ்திரியும் ஒத்துக்கொள்வதில்லை. ஆக, எந்த வீடானாலும் கைக்காசு போட்டே ஆக வேண்டும். எவ்வளவு போடுகிறோம் என்பதில்தான் மூன்று வீடுகளும் பிரிகின்றன.

அம்மா 360 சதுர அடியோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. ரூ.5.76 லட்சம் ஆனது. அரசுப் பணம் போக எங்கள் கையிலிருந்து ரூ.2.26 லட்சம். குழுக் கடன் ஒன்று, என் சேமிப்பு கொஞ்சம், இரண்டு ஆடு விற்ற பணம். உறவுக்காரர்கள் எல்லோரும் "புறாக்கூண்டு மாதிரி இருக்கே" என்றார்கள். அம்மா பதில் சொல்லவில்லை. ஏழு மாதத்தில் பால் காய்ச்சிவிட்டாள்.

அவள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 60 சதுர அடி. எல்லோரும் அதற்கும் சேர்த்துத் தளம் போட்டுவிடுகிறார்கள். பார்க்க ஒரே மட்டமாக இருக்கும், அவ்வளவுதான். அம்மா இன்னும் பாதி நாள் விறகடுப்பில் சமைப்பவள். அந்த 60 சதுர அடியைச் சமையல்கட்டாக்கி மேலே நாட்டு ஓடு போட்டாள். புகை ஓட்டுச் சந்து வழியாகப் போய்விடுகிறது. சித்திரை வெயிலில் கூடத்தில் உட்கார முடியாதபோது எல்லோரும் அங்கேதான் போய் உட்காருகிறோம். வீட்டில் அதிக நேரம் இருப்பவளைக் கேட்டு அறை பிரித்தால் இப்படி அமையும். பெரும்பாலான வீடுகளில் மேஸ்திரியும் ஆண்களும் சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகுதான் அவளுக்கே தெரிய வருகிறது.

அத்தை வீட்டுக் கதை வேறு. "ஒரு தடவைதான்டா கட்டப் போறோம், அரசாங்கமே இவ்ளோ தருது, நாமளும் கொஞ்சம் போட்டுப் பெருசா கட்டிடலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மூன்று பிள்ளைகள், அதில் ஒருத்திக்குக் கல்யாண வயசு. 700 சதுர அடிக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

இங்கே ஒரு கணக்கை எல்லோரும் தவறவிடுகிறார்கள். வீடு இரண்டு மடங்கானால் செலவும் இரண்டு மடங்கு என்று மனக்கணக்கு போடுகிறோம். செலவு அப்படித்தான் ஏறுகிறது, 700 சதுர அடிக்கு ரூ.11.20 லட்சம். ஆனால் மானியம் ஏறுவதில்லை, அதே ரூ.3.50 லட்சம்தான். அப்போது கைக்காசு ரூ.7.70 லட்சமாகிறது. அம்மா போட்டதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அத்தை குடும்பத்தில் நகையை வைத்து ஒரு பகுதி, ரெண்டு வட்டிக்கு ஒரு பகுதி என்று வாங்கினார்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் 3 லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய். அது வட்டி மட்டும், அசல் அப்படியே நிற்கும்.

அப்புறம் தவணை. பெரிய அஸ்திவாரமும் பேஸ்மட்டமும் கைக்காசு முழுவதையும் விழுங்கிவிட்டன. அடுத்த பெரிய தவணை வர வேண்டுமானால் தளம் போட்டிருக்க வேண்டும். தளம் போடக் கம்பி, சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகை, முட்டு), கான்கிரீட் என்று முதலில் நாம்தான் செலவு செய்ய வேண்டும். 700 சதுர அடித் தளத்துக்கான பணம் அவர்களிடம் இல்லை. ஆபீசில் அவர்கள் பெயரில் பணம் இருக்கிறது, கையில் எடுக்க முடியவில்லை. இதை யார் தவறென்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை நடந்த அளவுக்குத்தான் பணம் என்ற விதி இல்லாவிட்டால் பாதி வீடுகள் அஸ்திவாரத்தோடு நின்றுவிடும். ஆனால் அந்த விதி 360 சதுர அடியை மனதில் வைத்துப் போட்டது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் ஒவ்வொரு மட்டத்திலும் எவ்வளவு முன்பணம் கையில் வேண்டும் என்று தோண்டுவதற்கு முன்பே எழுதிப் பார்க்க வேண்டும். அத்தை வீட்டில் யாரும் எழுதிப் பார்க்கவில்லை. எங்களிடம் கேட்டபோது நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மூன்றாவது வீட்டுக்காரர் கம்பி கட்டும் வேலைக்குப் போகிறவர். அவரும் 360 சதுர அடிதான் கட்டினார். ஆனால் வெறும் சுவர் மேல் தளம் போடாமல், பில்லர் எழுப்பிக் கட்டினார். பின்னால் மேலே ஒரு மாடி வரும் என்று கணக்குப் போட்டு அடியில் குழி ஆழம் எடுத்தார். படிக்கட்டுக்கு வெளிப்புறம் இடம் விட்டார். இதற்குக் கூடுதலாக 80,000 ரூபாய் ஆனது என்றார். அவர் வேலை தெரிந்தவர், கூலி மிச்சம். தெரியாதவர்களுக்கு லட்சத்தைத் தாண்டும். மேலே நீட்டி விட்ட கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசி வைத்திருக்கிறார். அப்படியே விட்டால் நாலு மழையில் துருவேறி, நாளைக்கு மாடி எடுக்கும்போது உதவாது.

இது எல்லோருக்கும் பொருந்துமா? இரண்டு மூன்று சென்ட் இடம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை, மேலேதான் போக வேண்டும். ஐந்து சென்ட், பத்து சென்ட் இருந்தால் பில்லருக்கு 80,000 போடுவது வீண் என்பது என் எண்ணம். பக்கத்தில் இன்னோர் அறை சேர்ப்பது மலிவு. அதற்கு முதலிலேயே வீட்டை மனையின் நட்ட நடுவில் கட்டாமல் ஓர் ஓரமாகத் தள்ளிக் கட்டினால் போதும். எங்கள் அம்மா வீடு மனையின் நடுவில்தான் இருக்கிறது. அது ஒன்றுதான் எங்கள் பிழை.

டவுனில் இருக்கும் என் தம்பிக்குக் கிடைத்தது வேறு வகை மானியம். அங்கேயும் இதே கேள்விதான் வந்தது. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில், 2022 மார்ச்சோடு முடிந்த பழைய வட்டி மானியத்தில் அவன் வந்தான். குறைந்த வருமானக்காரர்களுக்கு முதல் 6 லட்சம் கடனுக்கு 6.5 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் ரூ.2.67 லட்சத்தை மொத்தமாக அசலிலேயே கழித்துவிடுவார்கள். அவன் கடன் 10 லட்சம், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம். மாதத் தவணை 8,678 ரூபாய். மானியம் கழிந்ததும் அசல் ரூ.7.33 லட்சமானது, தவணை 6,361 ஆனது.

அவனோடு கடன் வாங்கிய நண்பர் அந்த 2,317 ரூபாய் மிச்சத்தில் பைக் தவணை போட்டார். தம்பி வங்கியில் எழுதிக் கொடுத்துப் பழைய 8,678ஐயே தொடர்ந்து கட்டுகிறான். 20 வருடக் கடன் 11 வருடத்துக்குள் முடியும். கடைசி வரை கட்டும் மொத்தத் தொகையில் சுமார் 4 லட்சம் மிச்சம். பைக் வாங்கியவரைக் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போக வண்டி வேண்டும்தானே. சம்பளம் ஒழுங்காக வராத வீட்டில் தவணை குறைவதே பெரிய நிம்மதி. ஆனால் கட்ட முடிகிறவர்கள் குறைந்த தவணைக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போது 2024 செப்டம்பரில் தொடங்கிய புதிய திட்டத்தில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் ரூ.1.80 லட்சம், அதுவும் ஐந்து வருடத் தவணையாக. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, வீட்டின் மதிப்பு 35 லட்சம் வரை இருந்தால் கேட்கலாம். மானியம் வருகிறதே என்று 25 லட்சத்துக்குக் கடன் வாங்கினாலும் மானியக் கணக்கு 8 லட்சத்தோடு நின்றுவிடும். மீதி 17 லட்சத்துக்கு முழு வட்டி. அத்தை மாட்டிக்கொண்ட அதே இடம்.

எனக்கு இந்த நாலு பேரையும் வைத்துப் பார்க்கும்போது தோன்றுவது இதுதான்: அரசுப் பணம் நம் கடனைக் குறைக்க வந்தது. அதைப் பார்த்து இன்னும் பெரிய கடனுக்குத் துணிந்தால், வந்த பணம் வட்டிக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

போன வாரம் அத்தை வீட்டுக்கு மேஸ்திரியை அழைத்துப் போனேன். பின்பக்கம் இரண்டு அறையும் சமையல்கட்டும் சேர்ந்து 380 சதுர அடி வருகிறது. அதற்கு மட்டும் இப்போது தளம் போட்டு மூடிவிட்டு, முன்கூடத்தைச் சுவரோடு விட்டுவிடலாம் என்றார். 360க்கு மேல் இருப்பதால் தளத்துக்கான தவணையும் கேட்கலாம். ஓவர்சியரிடமும் பேசிவிட்டோம், தளம் போட்டதும் வந்து அளப்பதாகச் சொல்லியிருக்கிறார். அத்தை கொஞ்ச நேரம் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிஞ்சிடுமா?" என்று மேஸ்திரியைக் கேட்டாள். சென்ட்ரிங் பலகை நாளைக்கே வந்தால் முடியும் என்றார்.