ஈரக்காற்று ஊரில் விதை காப்பதும் முளை வளர்ப்பதும்

முளைகட்டிய பயறு, மைக்ரோகிரீன்ஸ் (இளந்தளிராகவே அறுத்துத் தின்னும் நாற்று) பற்றி வரும் காணொளிகளில் பெரும்பாலும் தட்டைப் பற்றியும் விளக்கைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் சில ஆண்டுகளாக இவற்றை வளர்த்து வருகிறேன். என் அனுபவத்தில் பாதி வெற்றி விதை இருக்கும் டப்பாவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் டப்பாவிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பக்கம் பகலில் 32, 33 டிகிரி. இரவில் 23, 24. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். விதைக்கு இதைவிட மோசமான சூழல் கிடையாது. பார்க்கக் காய்ந்து கிடந்தாலும் விதை உயிருள்ள பொருள், மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் அதை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏற மூச்சு வேகமாகும், உள்ளே சேர்த்து வைத்த சத்து கரையும். ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் இதற்கு ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். விதைக்குள் இருக்கும் ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும். வைத்திருக்கும் இடம் 5 டிகிரி குளிர்ந்தால் மறுபடியும் இரு மடங்கு. அவர் பெயரால் இன்னொரு கணக்கும் உண்டு: ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் 100ஐத் தாண்டக் கூடாது. நம் அடுப்படியில் 86ம் 80ம் சேர்ந்தால் 166. மளிகைச் சாமான் அலமாரியில் விதையை வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ஏன் முளைக்கவில்லை என்று கேட்பதற்கு இந்த எண்ணே பதில்.

எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த காலத்தில் முற்றிய பீர்க்கங்காயையும் சோளக் கதிரையும் விறகு அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார். தட்டைப்பயறைச் சாம்பலில் புரட்டிச் சட்டியில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார். அந்த முறை சரியான முறை. விறகு அடுப்பின் சூடு அந்த இடத்தைக் காய்ச்சி வைத்திருந்தது, புகை வண்டை அண்டவிடவில்லை. சாம்பல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வண்டின் மேல்தோலையும் உராய்ந்து வறட்டிவிடும். அதை நினைத்துக்கொண்டு இப்போது கேஸ் அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் விதை டப்பாவை வைத்திருப்பவர்கள் உடனே இடத்தை மாற்றுங்கள். கேஸ் எரியும்போது நீராவி வரும், சோற்றுப் பானையின் ஆவியும் அங்கேதான் போய்ச் சேரும். வீட்டிலேயே சூடும் ஈரமும் சேர்ந்திருக்கும் இடம் அதுதான்.

நான் செய்வது இது. வாங்கி வந்த விதையை முறத்தில் பரப்பிக் காலை வெயிலில் மட்டும் வைப்பேன். உச்சி வெயிலில் தகரத்தின் மேலோ சிமெண்டுத் தரையிலோ காயப் போட்டால் கரு வெந்துவிடும். பிறகு ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம். அது கிடைக்காவிட்டால் அரிசியை வாணலியில் சிவக்க வறுத்து, ஆறியதும் துணியில் முடிந்து ஜாடிக்குள் போடலாம். விதையின் எடைக்கு ஏறக்குறைய சம எடை அரிசி வேண்டும். ஒரு வாரத்தில் பயறு பல்லில் கடித்தால் தடம் விழாத அளவு கெட்டியாகிவிடும். அப்போது அரிசியை எடுத்துவிட்டு ஜாடியை இறுக மூடிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கிறேன்.

மைலோ பானத்தூள் டின் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எறும்புக்கும் கரப்பானுக்கும் அது போதும், ஈரக்காற்றுக்குப் போதாது. மெல்லிய பிளாஸ்டிக் பையும் அப்படித்தான். குளிர்பெட்டிக்குள்ளும் ஈரம் உண்டு என்பதால் இறுக மூடாத எதையும் அங்கே வைப்பதில் பயனில்லை. இன்னொன்று, ஜாடியை வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். ஐஸ் தண்ணீர்க் குவளை வியர்ப்பதுபோல விதை மேலும் நீர் பூத்துவிடும். முந்தின இரவே எடுத்து வெளியே வைத்துவிட்டுக் காலையில் திறப்பதே என் வழக்கம்.

பச்சைப்பயறு வாங்கினால் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள். தோல் மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயற்று வண்டின் முட்டை. நகத்தால் சுரண்டினால்தான் வரும். முட்டைக்கு அடியிலிருந்து புழு நேராகப் பயறுக்குள் இறங்கிவிடும், வெளியே ஓட்டைகூடத் தெரியாது. வண்டாகி வெளியேறும்போதுதான் வட்டமாக ஒரு துளை விழும். இதற்கு மருந்து வேண்டாம். நன்றாகக் காய்ந்த பயறை மூடிய ஜாடியோடு உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு மூன்றும் சாகும். ஈரப் பயறை மட்டும் அப்படி வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நீர் உறைந்து கருவையும் கொன்றுவிடும்.

எல்லா விதையும் இப்படிக் காயவைத்துக் காக்கக்கூடியவை அல்ல. நம் ஊரில் இதை எல்லாரும் கண்ணால் பார்த்திருப்போம். ரப்பர் கொட்டை, ரம்புத்தான், டுரியான், மங்குஸ்தான் எல்லாம் காய்ந்தால் செத்துவிடும் விதைகள். விதை ஆய்வில் இந்த இரண்டு வகைகளையும் பெயரிட்டுப் பிரித்துக் காட்டியவர் ஈ.எச். ராபர்ட்ஸ், 1973இல். காயவிட முடியாத விதைகளைப் பற்றி நம் நாட்டிலேயே நிறைய ஆராய்ந்தவர் புத்ரா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சின் ஹூங் ஃபோங். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை 2,700 சொச்சம்தான். மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் 22. அவற்றில் 9 நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன, ஒரு மரம் இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகள் எந்த மரத்துக்காகக் கடல் கடந்து வந்தார்களோ அந்த மரத்தின் விதையே டப்பாவில் அடைபடாத விதை. கோலகங்சார் போகும்போதெல்லாம் அந்த மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

சரி, முளைக்கு வருவோம். எந்த விதை? முழுப் பச்சைப்பயறு, வெந்தயம், கடுகு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு எல்லாம் மளிகைக்கடையிலேயே கிடைக்கும். உடைத்த பருப்பும் வறுத்ததும் முளைக்காது. விவசாயச் சாமான் கடையில் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயமேற்றி விற்கும் விதையைத் தொடவே வேண்டாம். அது பூஞ்சை மருந்து பூசி, நடுவதற்கென்று விற்பது, எவ்வளவு கழுவினாலும் தின்பதற்கு ஆகாது. சிவப்புக் காராமணியையும் பெரிய சிவப்பு ராஜ்மாவையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். ராஜ்மாவைப் பச்சையாக முளைகட்டித் தின்னக் கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு நன்கு கொதித்தால்தான் அடங்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றையும் மைக்ரோகிரீன்ஸாக அறுத்துத் தின்னக் கூடாது.

புது விதை வந்ததும் 20 விதையை எண்ணி ஈரக் காகிதத் துண்டில் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்துவிடுவேன். பயறு, கடுகென்றால் மூன்று நாளில் தெரிந்துவிடும். 18க்கு மேல் முளைத்தால் முளைகட்ட, 14, 15 என்றால் அடர்த்தியாகத் தூவி மைக்ரோகிரீன்ஸுக்கு. அதற்கும் கீழே போனால் குழம்புக்குத்தான். முளைக்காத விதைதான் ஜாடிக்குள் முதலில் அழுகி மற்றதையும் கெடுக்கும் என்பதால் இந்தச் சோதனையை விடுவதேயில்லை.

சாதனங்களில், இணையத்தில் வாங்கிய மூன்றடுக்குப் பிளாஸ்டிக் முளைப்பானை எனக்குச் சரிப்படவில்லை. ஒவ்வொரு தட்டின் அடியிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடுகிறது. குளிர்நாட்டில் அது பரவாயில்லையாக இருக்கலாம், 30 டிகிரியில் மாலைக்குள் புளிப்பு வாடை வந்துவிடும். ஈரத்துணி மூட்டை பயறுக்கும் கொண்டைக்கடலைக்கும் நன்று, ஆனால் துணியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். எனக்கு நிலைத்தது வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலும், மூடிக்குப் பதில் துருப்பிடிக்காத வலையும். எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, பாட்டிலைச் சாய்த்துத் தலைகீழாகக் கிண்ணத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை அலசல். நம் சூட்டில் இரண்டு போதாது. பயறு மறுநாளே வால்விடும், வெந்தயத்துக்கு இன்னும் ஒரு நாள்.

ஈப்போ தவ்கே (பயறு முளை) மாதிரி குட்டையாக, தடியாக வர வேண்டுமென்றால் பாட்டில் உதவாது. ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் மலைத் தண்ணீர்தான் அந்தத் தவ்கேயின் ரகசியம் என்பார்கள். தண்ணீர் எப்படியோ, வீட்டில் செய்யக்கூடியது இருட்டும் கனமும். அடியில் துளையிட்ட பாத்திரத்தில் ஊறிய பயறை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே ஈரத்துணி, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் அம்மிக் குழவி. கனத்தை முட்டி வளரும் முளை எத்திலீன் வாயுவைக் கூடுதலாக விட்டு, நீளாமல் தடிக்கும். எங்கள் வீட்டில் இதற்கு ஈடான முளை வேறெதுவும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். முளைக்குப் பிடித்த சூடும் ஈரமும்தான் கிருமிக்கும் பிடித்தவை. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலி கிருமி பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; விசாரணை கைகாட்டியது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையை. கிருமி விதைத் தோலின் வெடிப்புக்குள் ஒளிந்திருந்தால் அலசிப் போகாது. எங்கள் வீட்டில் முளையைச் சிறிது நேரமாவது ஆவி பறக்க வேகவைத்தோ வதக்கியோதான் தின்கிறோம். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பச்சை முளை வேண்டவே வேண்டாம். கூரையில் பிடித்த மழைத்தண்ணீரில் முளையை அலசவும் கூடாது, பறவை எச்சமும் எலி நடமாட்டமும் கூரையில் உண்டு. செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருப்பவர்களுக்கு எலிச் சிறுநீர்க் காய்ச்சலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தட்டுகளை எலி ஏறாத இடத்தில், வலை போட்டு வையுங்கள்.

மைக்ரோகிரீன்ஸ் இதைவிட எளிது. வேரைத் தின்பதில்லை, மண்ணுக்கு மேலே அறுக்கிறோம் என்பதால் ஆபத்தும் குறைவு. கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தானியம் முளைக்கவிட்டுப் பாலிகை இட்டவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். துளையுள்ள தட்டு, அலசிய தேங்காய் நார்த்தூள் இரண்டு விரல் உயரம், விதையை நெருக்கமாகத் தூவி இரண்டு மூன்று நாள் இருட்டில் மூடிவைத்து, பிறகு காலை வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு மாற்றினால் போதும். விளக்கு வாங்கத் தேவையில்லை. கடுகும் முள்ளங்கியும் ஒரு வாரம் பத்து நாளில் அறுக்கலாம். கொத்தமல்லிக்கு மூன்று வாரம் ஆகும். உருண்டையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவ வேண்டும்.

தண்ணீரை மேலே தெளிக்காமல் அடித்தட்டில் ஊற்றுங்கள். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு தெரியும். பூஞ்சை என்று நினைத்துத் தட்டையே கொட்டிவிடுபவர்கள் உண்டு. அது வேர்த்தூவி. தண்ணீர் பட்டதும் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். உண்மையான பூஞ்சை சிலந்தி நூல்போலத் தண்டுக்குத் தண்டு தாவியிருக்கும், தண்ணீர் பட்டாலும் போகாது, முக்கியமாக நாறும். அது வந்தால் தட்டோடு குப்பைக்கு. அக்டோபர், நவம்பர் மழையில் இது கூடுதல், ஒரு சின்னக் காற்றாடியைத் தள்ளி வைத்து மெதுவாக ஓடவிட்டால் வெகுவாகக் குறையும்.

சத்து விஷயத்தில், அமெரிக்காவில் 2012இல் 25 வகைகளைச் சோதித்த ஆய்வில் பெரும்பாலானவற்றில் முதிர்ந்த இலையைவிட வைட்டமின்கள் கூடுதலாக இருந்தன. சிவப்பு முட்டைகோஸில் சி வைட்டமின் நிறைய. ஆனால் நாம் ஒரு வேளைக்குத் தின்பது ஒரு கைப்பிடி. அதற்காகப் பசாரில் கீரை வாங்குவதை நிறுத்திவிடாதீர்கள். ரசத்தில் கடைசியாகத் தூவ, தயிர்சாதத்தில் பிசைய, தோசையின் மேல் போட கடுகு இளந்தளிர் அருமை. வெந்தயத் தளிர் பருப்போடு சேர்ந்தால் கசப்பே தெரியாது.

விதையை ஒரேயடியாக வாங்கிக் குவிக்க வேண்டாம். கடுகும் வெந்தயமும் நன்றாக மூடிக் குளிரில் வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும், அரைக் கிலோ வாங்கலாம். வெங்காய விதை, சோயா, வேர்க்கடலை மூன்றும் இந்தச் சூட்டில் சீக்கிரம் செத்துவிடும், ஒரு பருவத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். ஜாடியில் வாங்கிய மாதத்தையும் கடைசியாகச் சோதித்தபோது 20க்கு எத்தனை முளைத்தது என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், குளிர்பெட்டி ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்.