பக்கவாதப் பயிற்சிக்கு மேனிகினா, மனிதரா?

கடலூர் வட்டார ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குப் பக்கவாதத்தை அடையாளம் காணும் ஒத்திகைப் பயிற்சி தொடங்கியபோது, மேனிகின் எனப்படும் பயிற்சிப் பொம்மையை வாங்குவதா, நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்குவதா என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்தோம். செலவில் எது எளிது என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் முடிவைத் தீர்மானித்தது அதுவல்ல.

தீர்மானித்தது கை. முகம், கை, பேச்சு என்ற மூன்று சோதனைகளில் கைக்கு உரியது இது: நோயாளி கண்களை மூடி, உள்ளங்கைகள் மேல்நோக்கியிருக்க, இரு கைகளையும் நீட்டி 10 விநாடி வைத்திருக்க வேண்டும். பாதிப்பு லேசாக இருந்தால் கை பொத்தென்று விழாது. உள்ளங்கை உட்புறம் திரும்பியபடி மெல்லத் தாழும். சாதாரண மேனிகினால் கையைத் தூக்கவே முடியாது என்பதால், “வலக்கை இறங்குகிறது” என்று பயிற்றுநரே அறிவிக்க வேண்டியிருக்கிறது. அறிகுறியை வாயால் சொல்லிவிட்ட பிறகு, பயிற்சி பெறுபவர் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? முகத்துக்கும் இதே நிலைதான். நடிப்பவரோ உதட்டின் ஒரு பக்கத்தை அசைக்காமல் சிரிக்கப் பழகிக்கொள்ளலாம். அப்போது நெற்றி வழக்கம்போல் சுருங்குவதும் நல்லதே, ஏனெனில் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். முகத்துக்குச் செல்லும் நரம்பே பாதிக்கப்படும் முகநரம்பு வாதத்தில்தான் அதுவும் செயலிழக்கும். இவற்றைக் காட்டவல்ல உயர்விலை மேனிகின்கள் உண்டு, எங்கள் கைக்கு எட்டுபவை அல்ல.

நடிக்கத் தெருக்கூத்துக் கலைஞர்களை அழைக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். கடைசி வரிசைக்கும் தெரியும்படி ஆடிப் பழகியவர்களுக்கு இந்த மெல்லிய சரிவு எளிதில் வராது. பக்கவாத நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற செவிலியர்களே பொருத்தமானவர்கள்.

உறவினராகவும் ஒருவர் நடிக்க வேண்டும். “காலையில எழுந்திருக்கும்போதே இப்படித்தாங்க இருந்தாரு” என்று அவர் சொன்னால், நேரக் கணக்கை விழித்த நேரத்திலிருந்து அல்லாமல், நோயாளி நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த முந்தைய இரவிலிருந்து தொடங்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குரிய 4.5 மணி நேர வரம்பு இந்தக் கணக்கைப் பொறுத்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் முன்கூட்டிச் சொல்ல வேண்டிய முதல் தகவலும் இதுவே. மேனிகின் அருகிலும் ஒருவரை நிறுத்தி இதைச் செய்யலாம் என்பதால், இதை எங்கள் தரப்பு வாதமாக வைக்க மாட்டேன்.

மூச்சுப்பாதையைக் காப்பது, வாந்தியை உறிஞ்சி எடுப்பது ஆகியவற்றுக்கு மேனிகினே வேண்டும். திரையோடு இணைந்த மேனிகின் ரத்த அழுத்தத்தையும் காட்டும். நாங்கள் எண்ணை அட்டையில் எழுதி நீட்டுகிறோம், ஆகவே கண்டுபிடிக்க வேண்டியதைப் பயிற்றுநரே சொல்லிவிடுகிறார் என்று மேலே சொன்ன குறை இங்கே எங்களையும் சாரும். பக்கவாதம் போலவே தோற்றம் தரும் தாழ்சர்க்கரையைக் கண்டறியும் குளுக்கோமீட்டர் சோதனைக்கோ, இரு முறையிலும் அட்டைதான்.

நடிப்பவர் களைத்தால் மாலையில் நல்ல கையும் சேர்ந்து தாழத் தொடங்கும். எல்லோருக்கும் ஒரே அளவான அறிகுறி கிடைக்காது. வகுப்பில் இது பெரிய இடரல்ல. மதிப்பெண் இட்டுச் சான்றிதழ் வழங்கும் தேர்வுக்கு இது பொருந்துமா என்பது வேறு. அத்தகைய தேர்வை நாங்கள் நடத்தியதில்லை, ஆகவே அதற்கு மட்டும் என் பரிந்துரையைச் சற்றுத் தளர்த்தியே எடுத்துக்கொள்ள வேண்டும்.