பதினோரு வருடக் கொரியன் சீரியல் பழக்கம்: திரும்பப் பார்த்தபோது எந்தக் காதல் தாங்கியது?

2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சியில் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஹாலில் அம்மா, அப்பாயி, நான் மூன்று பேரும் அந்த நேரத்துக்கு வேலையை முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவோம். அப்பாயிக்குக் கொரியப் பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. கதாநாயகனை "சுருட்டை முடிக்காரன்" என்பார். "சுருட்டை முடிக்காரன் இன்னைக்கு அந்தப் புள்ளகிட்ட ஒழுங்கா பேசுனானா?" என்பதுதான் அவர் கேட்கும் கதைச் சுருக்கம்.

அங்கே ஆரம்பித்தது பதினோரு வருடமாக விடவில்லை. பெரும்பாலும் கொரியன், நடுவே ஜப்பானியத் தொடர்கள், எப்போதாவது சீனம். புதிதாக வந்ததைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு: ஒரு முறை அழுதுகொண்டே பார்த்த தொடர்களை மூன்று, நான்கு வருடம் கழித்துத் திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்த்தபோது எந்தக் காதல் அப்படியே நின்றது, எது கையிலேயே உதிர்ந்தது என்பதுதான் விஷயம்.

உதிர்ந்தது முதலில் அந்தச் சுருட்டை முடிக்காரன் கதையே. யோகோ காமியோ என்ற ஜப்பானியப் பெண் வரைந்த மங்காதான், அதாவது சித்திரக்கதைதான், அதன் மூலம். 2001-இல் தைவான் அதை 'மீட்டியோர் கார்டன்' என்று எடுத்தது, 2005-இல் ஜப்பானே எடுத்தது, 2009-இல் கொரியா, 2018-இல் சீனா, பிறகு தாய்லாந்து. ஆசியா முழுக்க ஒரு தலைமுறைப் பெண்கள் அந்த ஏழைப் பெண்ணுக்காகவும் பணக்காரத் திமிர்ப் பையனுக்காகவும் உருகியிருக்கிறோம். 2021-இல் அதை மறுபடி போட்டேன். ஐந்தாவது எபிசோடைத் தாண்ட முடியவில்லை. பள்ளிக்கூடமே சேர்ந்து ஒரு பெண்ணை வதைக்கிறது, அதைத் தூண்டிவிட்டவன் பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போகிறான், பின்னணியில் பாட்டு வருகிறது. அன்று மூன்று பேரும் அதைக் காதல் என்றுதான் பார்த்தோம். இன்று அந்த மணிக்கட்டு வலிப்பது எனக்குத் தெரிகிறது. அக்காலத்துக் கொரியத் தொடர்களில் இந்த மணிக்கட்டுப் பிடி எங்கும் உண்டு. கதாநாயகன் ஒரு கையை, இரண்டாம் நாயகன் இன்னொரு கையைப் பிடித்து இழுக்க, நடுவில் அவள் பேச்சு மூச்சில்லாமல் நிற்பாள். சமீபத்திய தொடர்களில் இது வெகுவாகக் குறைந்திருப்பது எனக்கு மனநிறைவு.

ஆனாலும் அந்தத் தொடருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 25 எபிசோடில் ஒரு கதை முடியும் என்பதே அப்போது எங்களுக்குப் புதுசு. நம் சீரியலில் கல்யாணத்தில்தான் கதை தொடங்கும், பிறகு ஆண்டுக்கணக்கில் கஷ்டம். இவர்கள் கதை கல்யாணத்துக்கு முன்னால் முழுதாக நடந்து முடிகிறது. ஒருத்திக்கு ஒருவனைப் பிடிப்பதற்கு பதினாறு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். அந்த நிதானம்தான் என்னைக் கட்டிப்போட்டது.

டப்பிங்கை விட்டு மூல ஒலிக்கு மாறியது 2016-இல். காரணம் மொழி. கொரியப் பெண் குழந்தை தன் தகப்பனை "அப்பா" என்றே கூப்பிடுவதைக் காதால் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதைவிட முக்கியமான ஒன்றை மெல்ல மெல்லத்தான் கண்டுகொண்டேன். கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு, உரிமைப் பேச்சு என்று இரண்டு உண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதைப் 'பேச்சை இறக்கிவைப்பது' என்பார்கள். இருவர் நெருங்கும்போது ஒருவர் கேட்பார்: பேச்சை இறக்கிவைக்கலாமா? பல தொடர்களில் முத்தத்தைவிடப் பெரிய காட்சி அதுதான். எட்டு எபிசோடாக "நீங்க" என்றவள் ஒரு இரவு பஸ் நிறுத்தத்தில் "நீ" என்று சொல்லிவிடுகிறாள். அவன் முகத்தில் அது விழும் இடத்தை கேமரா அசையாமல் காட்டுகிறது. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்த நொடி அங்கே காணாமலே போய்விடும். தமிழ் தெரிந்தவளுக்கு அதைப் பிடிக்க ஒரு கணம்கூட ஆகாது.

அதனால்தான் சில தமிழ் டப்பிங் மேல் எனக்கு ஆறாத கோபம். ஓடிடியில் ஒரு தொடரை அம்மாவுக்காகத் தமிழில் போட்டேன். மூலத்தில் பத்தாவது எபிசோட் வரை மரியாதையாகப் பேசும் இருவரும் தமிழில் முதல் காட்சியிலேயே "வாடா", "போடி". உலகத்திலேயே இந்த மாற்றத்தை அட்சரம் பிசகாமல் கொண்டுவரக்கூடிய மொழிகளில் ஒன்று நம்முடையது. கையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். "ஓப்பா" விஷயம் இன்னும் சிக்கல். பெண் தன் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது, தன்னைவிட மூத்த காதலனையும் அப்படியே கூப்பிடுவாள். அதை "அண்ணா" என்று டப் செய்தால் தமிழ்க் காதில் காதல் அங்கேயே முடிந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் "மாமா" என்று கூப்பிடும்போது குரலில் வரும் குழைவுதான் அந்த "ஓப்பா"வுக்கு மிக அருகில் இருக்கிறது என்பது என் கருத்து.

இனி, தாங்கியவை.

'ரிப்ளை 1988'. 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்த 20 எபிசோடுகள். சியோலின் சங்முன்-தொங் என்ற பகுதியில் ஒரு சந்து, ஐந்து வீடு, ஐந்து பிள்ளைகள். முதல் எபிசோடில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு வீட்டுக் குழம்பு அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து ஒரு கிண்ணத்தில் வேறொன்று வரும், பிள்ளைகள் பாத்திரத்தோடு குறுக்கும் நெடுக்கும் ஓடுவார்கள். காம்பவுண்டு வீட்டில் வளர்ந்த யாரும் அதை ஒரு முறை பார்த்தால் போதும், உள்ளே போய்விடுவார்கள்.

நாயகி தொக்-சன்னின் கணவன் யார் என்பதுதான் அதன் காதல் புதிர். ஜங்-ஹ்வானா, தேக்கா? நான் முதல் முறை பார்த்தபோது ஜங்-ஹ்வான் பக்கம். நெரிசல் பேருந்தில் அவள்மேல் யாரும் இடித்துவிடாதபடி கம்பியைப் பிடித்து அவன் அரணாக நிற்கும் காட்சி இருக்கிறதே, கையில் நரம்பு புடைத்திருக்கும், முகம் மட்டும் எங்கோ பார்ப்பதுபோல் இருக்கும். அதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். கடைசியில் அவனுக்குக் கிடைக்கவில்லை என்றதும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் முறை பார்த்தபோதுதான் அந்த எழுத்தின் நேர்மை புரிந்தது. பதினெட்டாவது எபிசோடில் அவள் கச்சேரி அரங்க வாசலில் தனியாக நிற்கிறாள். ஜங்-ஹ்வான் காரில் பறக்கிறான், சிக்னல் சிக்னலாகச் சிவப்பு விழுகிறது. போய்ச் சேர்ந்தபோது தேக் முன்னாலேயே வந்து நிற்கிறான். தேக் பாதுக் (கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் பலகை விளையாட்டு) ஆட்டக்காரன். அன்றைய ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். தன்னைத் தடுத்தது சிக்னல் இல்லை, இத்தனை வருடமாகத் தான் தயங்கிய தயக்கம் என்று ஜங்-ஹ்வானே உணர்கிறான். பஸ்ஸில் அரணாக நின்றது உண்மை. ஆனால் அது அவளுக்குத் தெரியாமல் செய்தது. அவளுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றை இழந்துவிட்டு வந்தவன் தேக். இப்போது நான் தேக் பக்கம்.

அதே தொடரில் அதிகம் பேசப்படாத இன்னொரு ஜோடி உண்டு. அக்கா போ-ராவும் சன்-ஊவும். இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர், ஒரே பூர்வீகக் கிளை. அப்படிப்பட்டவர்கள் மணக்கக் கூடாது என்று கொரியாவில் சட்டமே இருந்தது. 1997-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்ற நிலைக்கு வந்தது, 2005-இல்தான் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். இதைச் சொன்னதும் அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "பங்காளி முறை ஆகுதுல்ல, எப்படிக் குடுப்பாங்க?" என்று கேட்டார். இரண்டு வீட்டு அம்மாக்களும் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுக்காமல் நடக்கும் அந்த எபிசோடுகளை அம்மா என்னைவிடக் கூர்மையாகப் பார்த்தார்.

ஜப்பானியத் தொடர்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் 2016-இல் டி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'நிகேஹஜி'. 'வி மேரீட் ஆஸ் அ ஜாப்' என்று தேடினால் கிடைக்கும், பதினோரு எபிசோடுதான். முதுகலை படித்தும் வேலை பறிபோன மிகுரி, ஹிராமாசா என்ற ஐ.டி. பொறியாளர் வீட்டில் வீட்டுவேலைக்குச் சேர்கிறாள். சூழ்நிலை இருவரையும் ஒப்பந்தக் கல்யாணத்துக்குக் கொண்டுவருகிறது. சமையல், துவையல், பெருக்குவது எல்லாவற்றுக்கும் மாதச் சம்பளம். செவ்வாய்க்கிழமை அணைத்துக்கொள்ளும் நாள் என்று அட்டவணை போடும் அளவுக்கு இருவரும் கூச்சக்காரர்கள்.

பிறகு உண்மையாகவே காதல் வருகிறது. பத்தாவது எபிசோடில் நல்ல உணவகத்தில் உட்காரவைத்து ஹிராமாசா கல்யாணப் பேச்சை எடுக்கிறார். சட்டப்படி மணந்துகொண்டால் சம்பளம் தர வேண்டியதில்லை, இவ்வளவு மிச்சமாகும் என்று கணக்கும் காட்டுகிறார். நான் சிரித்த முகத்தோடு காத்திருந்தேன். மிகுரி சிரிக்கவில்லை. பிடித்திருக்கிறது என்பதற்காக என் உழைப்பை இலவசமாக்கிவிடலாமா, இது அன்பைச் சுரண்டுவது என்கிறாள். டிவியை நிறுத்திவிட்டு அடுப்படியைப் பார்த்தேன். அம்மா மறுநாள் மாவுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். நாற்பது வருடமாக அந்த வேலைக்கு ஒரு பெயர்கூட யாரும் வைத்ததில்லை.

கடைசி எபிசோடில் இருவரும் வீட்டை ஒரு நிறுவனம்போல் பாவித்து, இருவருமே நிர்வாகப் பொறுப்பாளர்கள் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். சண்டை வருகிறது, கணக்கு உதைக்கிறது, திரும்பவும் உட்காருகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த இன்னொன்று: காதலித்த பிறகும் அவர்கள் மரியாதைப் பேச்சை விடவே இல்லை. "மிகுரி-சான்", "ஹிராமாசா-சான்" என்றே கடைசிவரை. கொரியத் தொடர்கள் "நீ"யில் காட்டிய நெருக்கத்தை இவர்கள் "நீங்க"விலேயே காட்டிவிட்டார்கள். அந்த நடிகர்கள் யுய் அரகாகியும் கென் ஹோஷினோவும் 2021-இல் நிஜமாகவே மணந்துகொண்டபோது எனக்கு என் வீட்டுக் கல்யாணம்போல் இருந்தது.

சீனத் தொடர்களில் என் அனுபவம் குறைவு. அரண்மனைக் கதைகளின் உடையும் வண்ணமும் அழகு, ஆனால் ஐம்பது, அறுபது எபிசோடில் காதல் நீர்த்துப்போகிறது. 2020-இல் அந்நாட்டு ஒளிபரப்பு நிர்வாகம் நாற்பதுக்குள் முடியுங்கள் என்று அறிவித்தது நல்லதே.

'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' பற்றி எழுதாமல் விட்டால் திட்டுவார்கள். எல்லை தாண்டி விழும் தென்கொரியப் பெண்ணும் வடகொரிய ராணுவ அதிகாரியும் என்ற கதையை நம்பவைத்தது அந்தக் கிராமத்துப் பெண்கள்தான். வடகொரியாவிலிருந்து வந்தவர் ஒருவர் எழுத்துக் குழுவில் இருந்தார், அது ஒவ்வொரு சமையலறையிலும் தெரிகிறது. சந்தையில் வழி தவறி நிற்பவளுக்குக் கூட்டத்துக்கு மேலே ஒரு மெழுகுவத்தியை உயர்த்திப் பிடிப்பான். முன்பு அவள் வாசனை மெழுகுவத்தி கேட்டபோது சாதாரண மெழுகுவத்தி கொடுத்தவன், இப்போது வாசனையுள்ளதுதான் என்று சொல்வான். அந்த ஒரு காட்சி இன்னும் தாங்குகிறது. கடைசி சில எபிசோடுகளின் துப்பாக்கியும் துரத்தலும் தாங்கவில்லை.

பொதுவான குறைகளும் இருக்கின்றன. பதினான்காம் எபிசோடில் காரணமே இல்லாமல் பிரிவது, சின்ன வயதில் ஏற்கெனவே சந்தித்திருந்தார்கள் என்று கடைசியில் சொல்வது, திடீரென்று வந்து மோதும் லாரி, மறதி நோய். 2010 முதல் தொடருக்குள் பொருள் விளம்பரம் அங்கே சட்டப்படி அனுமதி. ஆகவே அழவேண்டிய இடத்தில் ஒருத்தி சாண்ட்விச் கடையில் நிதானமாக ஆர்டர் சொல்லிக்கொண்டிருப்பாள். பழகிவிடும்.

கடைசியாக, 2025 மார்ச்சில் நான்கு நான்கு எபிசோடாக வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டான்ஜரின்ஸ்'. மூலப் பெயர் ஜெஜு தீவு வழக்கில் "ரொம்பப் பாடுபட்டீங்க" என்று பொருள்படும். பொதுக் கொரிய மொழிக்காரர் காதில் "முழுசா ஏமாந்துட்டேன்" என்பதுபோல் விழுமாம். தேக்காக நடித்த அதே பாக் போ-கம்தான் இதில் இளவயது நாயகன் க்வான்-சிக். சந்தையில் "முட்டைக்கோஸ்" என்று கூவ வெட்கப்படும் நாயகி ஏ-சுன்னுக்காக அவன் கூவி விற்பான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். ஆனால் நான் சொல்ல வந்த தொடரின் சிறப்பு, கல்யாணம் சீக்கிரமே நடந்துவிடுகிறது. மீதி எல்லாம் அதற்குப் பிந்தைய வாழ்க்கை.

புகுந்த வீட்டில் ஆண்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை, பெண்களுக்குத் தனியே ஒன்று. க்வான்-சிக் ஆண்கள் மேசையில் உட்கார்ந்திருந்தவன், ஒன்றும் பேசாமல் அப்படியே திரும்பி, மனைவி இருக்கும் மேசைப் பக்கம் முகத்தை வைத்துச் சாப்பிடத் தொடங்குகிறான். அவன் முதுகு பெரியவர்களுக்கு.

அம்மா ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். அப்பாயி போய் நான்கு வருடம் ஆகிறது. தாத்தா சாப்பிட்டு எழுந்து கை கழுவி, திண்ணைக்குப் போய் வெற்றிலை போட்ட பிறகுதான் அப்பாயி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தட்டை எடுத்து வைத்துக்கொள்வாராம், குழம்பு அதற்குள் ஆறியிருக்குமாம். "ஒரு நாள்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.