பங்காளியா, விருந்தாளியா? ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பள்ளிகளில் மூன்று வழிகள்

நம் ஊரில் விருந்தாளிக்கு இலை போட்டு, வெற்றிலை பாக்கு கொடுத்து வழியனுப்பி விடலாம். பங்காளியிடம் அது நடக்காது. வரப்பு எங்கே போகிறது, கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை என்று கேட்பான். ஒத்துவராவிட்டால் கோர்ட்டுக்கும் போவான். ஆஸ்திரேலிய அரசு அறிக்கைகளில் 'பூர்வகுடி மக்களோடு சமபங்கு' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அந்த மக்கள் பங்காளிகளா, இல்லை மரியாதையாக உட்கார வைக்கப்பட்ட விருந்தாளிகளா?

அந்நாட்டின் வட பகுதியில் முயன்று பார்க்கப்பட்ட மூன்று வழிகளை இந்தக் கேள்வியோடு பார்க்கலாம்.

முதலாவது, பிள்ளையை எப்படியாவது பள்ளிக்கு வரவழைப்பது. 2009இல் வந்த ஒரு திட்டத்தின்படி, பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோரின் அரசு உதவித்தொகையை நிறுத்தி வைக்க முடிந்தது. 2014இல் இன்னொன்று வந்தது. மஞ்சள் சட்டை போட்ட உள்ளூர்ப் பணியாளர்கள் காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். இதில் உள்ளூர்க்காரருக்கு வேலை கிடைத்தது, அந்த அளவில் நல்லதுதான். ஆனால் வந்த பிள்ளை வகுப்பில் என்ன கேட்கிறது, எந்த மொழியில் கேட்கிறது என்பதை இந்த இரண்டு திட்டங்களும் தொடவே இல்லை. போதாக்குறைக்கு, வடக்குப் பிரதேச அரசு 2015 முதல் பள்ளிகளுக்கு நிதி கொடுத்தது பதிவேட்டில் உள்ள பிள்ளைகளைக் கணக்கிட்டு அல்ல, வருகையைக் கணக்கிட்டு. பந்தியில் ஆள் குறைந்தால் உலையில் அரிசியைக் குறைக்கும் கணக்கு. வருகை குறைந்த பள்ளியில் ஆசிரியர் குறைவார், ஆசிரியர் குறைந்த பள்ளிக்குப் பிள்ளைகள் இன்னும் குறைவாக வருவார்கள். பிறகு அந்த அரசே இதைக் கைவிட முடிவெடுத்தது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. குவீன்ஸ்லாந்தின் வடமுனையான கேப் யார்க்கில் 2010இல் தொடங்கியது அது. கொண்டுவந்தவர் வெளியாள் இல்லை. ஹோப் வேல் ஊரில் வளர்ந்த பூர்வகுடித் தலைவரும் வழக்கறிஞருமான நோயல் பியர்சன். எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், குறைந்த எதிர்பார்ப்புதான் அவர்களைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். அதற்காக அமெரிக்காவில் சீக்ஃப்ரீட் எங்கல்மன் உருவாக்கிய 'டைரக்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்' முறையைக் கொண்டுவந்தார். ஆசிரியர் சொல்ல வேண்டிய ஒவ்வொரு வரியும் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். ஆசிரியர் வாசிப்பார், சைகை காட்டுவார், பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள், தவறினால் மறுபடியும் அதே வரி. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்காது. ஆசிரியர்கள் வருவதும் போவதுமாக இருக்கும் ஒரு ஊரில், புதிதாக வந்தவர்கூட மறுநாளே பாடம் நடத்தலாம் என்பது பெரிய வசதி.

ஆனால் அது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி எடுபடவில்லை. கேப் யார்க்கின் கோயனிலும் ஹோப் வேலிலும் தொடர்ந்தது. அங்கேயே உள்ள ஆருகூன் ஊரில் நிலைக்கவில்லை. ஆருகூனில் பிள்ளைகள் வீட்டில் பேசுவது விக் முங்கன் மொழி. ஆங்கிலம் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷை. அச்சிட்ட பாடமோ ஆங்கிலம் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைக்காக எழுதப்பட்டது. 2013இல் ஆஸ்திரேலியக் கல்வி ஆய்வு மன்றம் மதிப்பிட்டபோது, இத்திட்டத்தால் கற்றல் உயர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2016 மே மாதத்தில் ஊரில் வன்முறை வெடித்து ஆசிரியர்கள் இரண்டு முறை வெளியேற்றப்பட்டார்கள். அதற்குக் காரணம் பாடமுறை என்று சொல்வது நியாயமில்லை. இருந்தாலும் அதையொட்டி நடந்த ஆய்வுக்குப் பிறகு, அந்த ஆண்டு முடிவில், இத்திட்டத்தை நடத்திய பியர்சனின் அகாடமி ஆருகூனை விட்டு விலகியது. தலைவர் பூர்வகுடி என்பதால் மட்டும் அந்தந்த ஊர் பங்காளி ஆகிவிடாது என்பதை நான் இங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது வழிக்கு வடக்குப் பிரதேசத்தின் ஆர்னம் லாண்டில், வடகிழக்கு மூலையில் உள்ள யிர்க்கலாவுக்குப் போக வேண்டும். யோல்ங்கு மக்களின் ஊர். 1963இல் தங்கள் நிலத்தில் பாக்சைட் சுரங்கம் வருவதை எதிர்த்து இவர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குல ஓவியங்களைத் தீட்டி, ஆங்கிலத்திலும் தங்கள் மொழியிலும் எழுதிய மனு. இரண்டு மொழியையும் இரண்டு மரபின் அறிவையும் சேர்த்துச் சொல்லித்தரும் 'இருவழிக் கல்வி' என்று பின்னால் பெயர் பெற்றதன் விதை அந்த மரப்பட்டையிலேயே இருக்கிறது.

1973இல் பிரதமர் விட்லமின் அரசுக் காலத்தில் வடக்குப் பிரதேசத்தில் இருமொழிப் பள்ளிகள் தொடங்கின. யிர்க்கலா அதற்கு மேலும் போனது. பெரியவர்கள் பள்ளி மன்றத்தில் உட்கார்ந்து பாடத்திட்டத்தையே பேசி முடிவெடுத்தார்கள். யோத்து யிண்டி இசைக்குழுவின் பாடகராக உலகம் அறிந்த மண்டவுய் யுனுப்பிங்கு 1990இல் அங்கே தலைமையாசிரியர் ஆனார். அவர்கள் தங்கள் கல்விக்கு எடுத்துக்கொண்ட உருவகம் 'கன்மா': ஆற்றின் நல்ல தண்ணீரும் கடலின் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் இடம். கழிமுகத்தில் இரண்டு தண்ணீரும் கலக்கும், ஒன்று இன்னொன்றைக் குடித்துவிடாது.

கணக்குப் பாடத்தை உறவுமுறையிலிருந்து தொடங்கினார்கள். யோல்ங்கு உலகம் துவா, யிரிட்ஜா என்று இரண்டு பாதி. மனிதர் மட்டுமல்ல, நிலமும் விலங்கும் காற்றும்கூட ஏதாவது ஒரு பாதியைச் சேர்ந்தவை. பிள்ளை அப்பாவின் பாதி, அம்மா மறுபாதி, கல்யாணம் எதிர்ப்பாதியில்தான். பங்காளி முறை, மாமன் மச்சான் முறை என்று பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்னொரு சங்கதி: தமிழின் ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய ஆறு மெல்லினத்துக்கும் ஈடான ஆறு ஒலிகள் யோல்ங்கு மொழிகளிலும் உண்டு. சொந்தமா என்று கேட்காதீர்கள், நான் அதைச் சொல்லவில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஆசிரியரின் காதுக்கு அதில் பாதி வித்தியாசம் எட்டாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையின் எழுத்துக்கூட்டலை அவர் எப்படித் திருத்துவார்?

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இருமொழிப் பள்ளிகளிலும் வருகை குறைவாகவே இருந்திருக்கிறது. உள்ளூர் ஆசிரியர்களை உருவாக்கப் பல வருடம் பிடிக்கும். 2008இல் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிகிறதா என்று பார்க்கும் நாடு தழுவிய முதல் நாப்லன் தேர்வு முடிவுகள் மோசமாக வந்ததும், பள்ளியின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலம் மட்டும் என்று பிரதேச அரசு ஆணையிட்டது. அறிவித்த அமைச்சரும் ஒரு பூர்வகுடிப் பெண்தான். யிர்க்கலா அதற்கு இணங்கவில்லை. சில வருடங்களில் ஆணை சத்தமில்லாமல் தளர்ந்தது. 2020இல் யிர்க்கலாவின் எட்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதியான மதிப்பெண்ணோடு பள்ளிப் படிப்பை முடித்தார்கள். அந்த ஊரில் அதுதான் முதல் முறை. எட்டுப் பேர்தானே என்று கேட்கலாம். அதற்கு முன் ஒருவரும் இல்லை.

சரி, அப்படியானால் இருமொழி ஒன்றே தீர்வா? யிர்க்கலாவுக்குப் பக்கத்திலேயே குன்யங்காரா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள குமாட்ஜ் குலத் தலைவர்கள் சிட்னியின் 'பார்க்கர் கல்லூரி' என்ற தனியார் பள்ளியை அழைத்து, 2021இல் தனியாகப் பள்ளி தொடங்கினார்கள். அதே யோல்ங்கு மக்கள், வேறு விருப்பம். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. அழைத்தது அவர்கள்.

உடல்நலத்தை விட்டுவிட்டுப் பள்ளியைப் பேச முடியாது என்பதற்குக் காது ஒன்றே போதும். தொலைதூர ஊர்களில் சின்ன வயதிலேயே காதில் சீழ் வடியும் நோய் பரவலாக உண்டு. நூற்றில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் இருந்தாலே அது பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே பல ஊர்கள் அதை எப்போதோ தாண்டியவை. பாதி காது கேட்காத பிள்ளையை, பழகாத மொழியில், ஒரே குரலில் பதில் சொல்லச் சொல்வது எப்படி இருக்கும்! மருத்துவத்தில் மட்டும் பங்காளி உறவு முன்னாலேயே வேர் விட்டது. 1971இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் பூர்வகுடிகள் தாங்களே நிர்வகிக்கும் முதல் மருத்துவ நிலையம் தொடங்கியது. யோல்ங்கு பகுதியில் மிவாட்ஜ் என்ற அமைப்பு 1992 முதல் இருக்கிறது. நிர்வாகக் குழு மக்களுடையது, மருத்துவரை வேலைக்கு வைப்பதும் அவர்களே. பள்ளிகளில் பெரும்பாலும் இன்னும் அந்த நிலை வரவில்லை.

2020இல் மத்திய, மாநில அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் சேர்ந்து, பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க ஒரு தேசிய ஒப்பந்தம் போட்டன. முடிவுகளைச் சேர்ந்தே எடுப்பது அதன் முதல் வாக்குறுதி. 2024இல் அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் அதைப் பரிசீலித்து, அரசுகள் பெரும்பாலும் பழைய பாணியிலேயே நடப்பதாகச் சொன்னது.

எதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டால், வீட்டுமொழி உயிரோடு இருக்கும் ஊருக்கு யிர்க்கலாவின் வழி. ஒரு ஊர் தானே கேட்டால், வேண்டாமென்றால் நிறுத்தவும் அதற்கு உரிமை இருந்தால், காலையில் ஒரு மணி நேரம் பியர்சனின் அச்சிட்ட பாடம் இருந்துவிட்டுப் போகட்டும். பணம் யார் கையில் என்பதைத்தான் நான் கடைசியில் பார்ப்பேன். வடக்குப் பிரதேசத்தின் தனாமி பாலைவனத்தில் வாழும் வார்ல்பிரி மக்கள் 2005இல் தங்கள் நிலத்துத் தங்கச் சுரங்கத்திலிருந்து வரும் உரிமைத்தொகையில் ஒரு கல்வி அறக்கட்டளை வைத்தார்கள். பெரியவர்கள் பள்ளிக்கு வந்து மொழி சொல்லித் தரவும், பிள்ளைகளைச் சொந்த நிலத்துக்குக் கூட்டிப்போகவும் அந்தப் பணம் செலவாகிறது. மற்ற ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு வரிப்பணத்தில் கிடைக்கும் தாய்மொழிப் பாடத்தை, இவர்கள் சுரங்கக் காசில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.