பேசும் வேதாகமப் பெட்டி: குரலைவிட நிறுத்தும் பொத்தானைப் பாருங்கள்

வேதாகமத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் பேசும் வேதாகமப் பெட்டி வாங்கலாமா என்று சபையில் சிலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது சுலபம். வாங்கலாம். கண் மங்கிய பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் கடைக்காரர் குரலைத்தான் போட்டுக் காட்டுவார். நீங்கள் நிறுத்தும் பொத்தானைப் பாருங்கள்.

பிராண்ட் பெயர் எழுதவில்லை. ஒரே மாதிரிப் பெட்டிதான் வேறு வேறு பெயர் ஒட்டி வருகிறது. கன்வென்ஷன் பந்தல் ஸ்டால், சபைப் புத்தகக் கடை, ஆன்லைன் என்று எல்லா இடத்திலும் கிடைக்கும். எங்களுடையது 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. முன்னால் ஸ்பீக்கர், அதன் கீழே போன் மாதிரி எண் பொத்தான்கள், ஓரத்தில் மெமரி கார்டு. எஃப்.எம். ரேடியோவும் உண்டு. அதை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

வாங்கியது என் அம்மாவுக்கு. மெஞ்ஞானபுரம் பக்கத்துக்காரி. அப்பா போன பிறகு எங்களோடு தாம்பரத்தில் இருக்கிறாள். விளக்கு வைத்த பிறகு ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், ஒரு ஜெபம் என்று ஆயுசு முழுக்க நடத்தியவள். விழித்திரைக் கோளாறு வந்து பெரிய எழுத்து வேதாகமத்தின் வரிகளும் கலைய ஆரம்பித்ததும், வாசிக்கிற பொறுப்பு எங்களிடம் வந்தது. என் கணவருக்கு வாரத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். எனக்கு அந்த நேரத்தில் பாத்திரம், மறுநாள் டிபன் பாக்ஸ். குடும்ப ஜெபம் "கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிட்டுப் படுங்க" என்கிற அளவுக்குச் சுருங்கிப்போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானத்தில் மூடிய வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த சங்கீதங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

முதலில் போனில்தான் முயன்றோம். தமிழ் வேதாகமம் ஒலி வடிவில் இலவசமாகவே கிடைக்கிறது. செலவில்லாமல் முடிக்க நினைப்பவர்களுக்கு அது போதும். எங்களுக்குச் சரிப்படவில்லை. மலைப் பிரசங்கத்தின் நடுவில் கடன் வேண்டுமா என்று ஒருத்தி அழைப்பாள். வசனம் போட போனை வாங்கும் மகன் அப்படியே ஸ்கோரையும் பார்த்துவிடுவான். ஜெப நேரத்தில் போன் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, நாமே அதை நடுவில் வைத்தால் எப்படி?

பெட்டியின் சிறப்பு எண் பொத்தான்களில் இருக்கிறது. வேதாகமத்திலுள்ள புத்தகத்தின் வரிசை எண்ணை அழுத்தினால் அந்தப் புத்தகம் வரும். ரூத் 8, சங்கீதம் 19, மத்தேயு 40, யோவான் 43. பிறகு அதிகார எண். 5 என்ற பொத்தானின் மேல் ஒரு சின்னப் புள்ளி தடவினால் தெரிகிறது. அதை வைத்தே அம்மா மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஓய்வுநாள் பள்ளியில் 66 புத்தகங்களின் பெயரையும் ராகம் போட்டு ஒப்பித்த தலைமுறை அது. இப்போது மகனும் ஆச்சியும் அதையே விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். "ஏசாயா?" என்றால் "23." "ஒன்று நாளாகமம்?" என்றால் கொஞ்சம் விரல் விட்டுவிட்டு "13." விடுமுறை வேதாகமப் பள்ளியில் பரிசு வாங்கவும் உதவியது. அதற்காகவெல்லாம் வாங்கவில்லை, சும்மா சொன்னேன்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பெட்டியில் பழைய ஏற்பாட்டை ஒருவரே வாசிக்கிறார். நிதானமான, உறுத்தாத குரல். ஒன்று நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகார வம்ச வரலாற்றைக்கூடத் திணறாமல் கடந்துபோகிறார். அம்மா அவருக்கு உபதேசியார், அதாவது ஊர்ச் சபையில் வேதம் வாசித்துச் சொல்லிக்கொடுப்பவர், என்று பெயர் வைத்துவிட்டாள். "உபதேசியார் இன்னைக்கு எங்க நிக்காரு?" என்றுதான் கேட்பாள். புதிய ஏற்பாடு நாடக பாணி: பல குரல், பின்னணி இசை, கூட்டச் சத்தம். மாற்கு 4-இல் புயலும் அலையும் அடிக்கிற இடம் மகனுக்குப் பிடிக்கும். காது கொஞ்சம் மந்தமான அம்மாவுக்கு அது தொல்லை. சிலுவைப் பாடுகளின்போது ஜனங்கள் போடும் கூச்சலில் இயேசு பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. இசையை மட்டும் குறைக்க வழியில்லை. பெரியவர்களுக்கு வாங்குகிறவர்கள் புதிய ஏற்பாட்டையும் ஒரே குரலில் வாசித்திருக்கிற பெட்டியைத் தேடுங்கள்.

காதால் வேதம் கேட்பது எங்களுக்கொன்றும் புதிதில்லை. தரங்கம்பாடியில் 1715-இலேயே தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. ஆனாலும் அம்மாவின் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கோயில் மணி அடித்ததும் போய், உபதேசியார் வாசிக்கக் கேட்டுக் கேட்டே பாதிச் சங்கீதத்தை மனப்பாடமாக வைத்திருந்தவள் அவள்.

சரி, நிறுத்தும் பொத்தான்.

ஒரு சாயங்காலம் ரூத் இரண்டாம் அதிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் தன் வேலைக்காரர்களிடம், ஏழை விதவையான ரூத் பொறுக்கிக்கொள்ளும்படி அறுத்த கதிர் அரிகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று சொல்லும் இடம். "நிப்பாட்டுல" என்றாள் அம்மா. மகன் அழுத்தினான். அறுப்புக் காலத்தில் வயலில் சிந்தின கதிரைச் சொந்தக்காரர்கள் திரும்பப் பொறுக்கமாட்டார்கள், அது இல்லாதவர்களுக்கு என்று அவள் ஊர்க் கதையை ஆரம்பித்தாள். பதின்மூன்று வயது மகளுக்கு ஒரு சந்தேகம். "ஆச்சி, அவர்தான் பணக்காரராச்சே. ஒரு மூட்டையைக் கையில கொடுத்துட்டா முடிஞ்சுது. எதுக்கு இந்த நாடகம்?"

"ஏட்டி, கொடுத்தா வாங்குதவளுக்குக் கூச்சம்லா. பொறுக்குனா அது அவ பாடுபட்டது. தலை நிமிந்து வீட்டுக்குப் போவா."

இத்தனை வருடம் ரூத்தின் கதையைக் கேட்டிருக்கிறேன். எந்தப் பிரசங்கத்திலும் இதை யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பேச்சு அங்கிருந்து கைப்பிடி அரிசிக்குப் போனது. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியாக எடுத்துப் போடும் பழக்கம். திருநெல்வேலிக்காரர்களே 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தைப் பற்றியெல்லாம் அம்மா சொன்னாள். அவள் இன்றும் எங்கள் அடுக்களையில் ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் அப்படிப் போட்டு வருகிறாள். மகள் அந்த டப்பாவைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறாள், எறும்புக்குப் பயந்து தனியாக வைத்திருப்பதாக நினைத்திருக்கிறாள்.

இவ்வளவும் பேசி முடித்துப் பொத்தானை அழுத்தினால், உபதேசியார் விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்ந்தார். இதற்குத்தான் காசு கொடுத்தேன் என்பேன். என் நாத்தனார் வீட்டிலிருக்கும் பெட்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் தானாக அணைந்துவிடும். மறுபடி போட்டால் ஆதியாகமம் முதல் அதிகாரம். அவர்கள் வீட்டில் உலகம் வாரம் நாலு தடவை படைக்கப்படுகிறது. அப்படிப்பட்ட பெட்டியை வைத்துக்கொண்டு யாரும் நடுவில் நிறுத்தமாட்டார்கள். நிறுத்தாவிட்டால் பிள்ளைகள் கேள்வி கேட்கமாட்டார்கள். அது ஓடும், இவர்கள் கொட்டாவி விடுவார்கள், ஆமென்.

அதனால் கடையில் இப்படிச் சோதியுங்கள். ஏதாவது ஓர் அதிகாரத்தின் நடுவில் நிறுத்துங்கள், பெட்டியை அணையுங்கள், மறுபடி போடுங்கள். விட்ட இடத்தில் தொடங்கினால் வாங்குங்கள். நிறுத்தும் பொத்தான் தனியாக, பெரிதாக, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். சில பெட்டிகளில் அதே பொத்தானை நீளமாக அழுத்தினால் ரேடியோ வந்துவிடும். பாதி ஜெபத்தில் சினிமாப் பாட்டு கேட்க விருப்பமில்லை என்றால் அதைத் தவிருங்கள்.

குறைகளும் இருக்கின்றன. அதிகாரம் அதிகாரமாகத் தாவலாமே தவிர, வசனத்துக்குத் தாவ முடியாது. சங்கீதம் 119-இல் 176 வசனங்கள். மகனுக்கு மனப்பாட வசனமாக வந்தது 105. அதைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டும். வசன எண்ணையும் வாசிப்பதில்லை, ஓய்வுநாள் பள்ளியிலோ எண் சொல்லாமல் விடமாட்டார்கள். இதற்கு நாங்கள் கண்ட வழி, பெட்டி ஓடும்போது அச்சு வேதாகமத்தை மகன் மடியில் விரித்து வைத்து வரிக்கு வரி விரல் ஓட்டுவது. ஆங்கில மீடியத்தில் படிக்கிறவன், நீளமான தமிழ் வாக்கியத்தைப் பார்த்தாலே பாதியில் விட்டுவிடுவான். இப்போது உபதேசியார் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே இவனும் விட்டு வாசிக்கிறான். என் கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் பெட்டியை எடுக்காமல் அவனே வாசிக்கிறான். தப்பு வந்தால் கண் தெரியாத ஆச்சி திருத்துகிறாள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பங்கள் கவனிக்க: இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புதான், 66 புத்தகங்களோடு சரி. உங்கள் வேதாகமத்தில் கூடுதலாக இருக்கும் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எதுவும் வராது. நீங்கள் பூசையில் கேட்கிற, 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் கார்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி பரவாயில்லை, அம்மா மத்தியானம் கேட்பதற்கும் இரவு ஜெபத்துக்கும் தாங்குகிறது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடினாலும் கூடத்துக்குள் தெளிவாகக் கேட்கிறது. சார்ஜ் ஏறும்போது நீல விளக்கு ஒன்று ராத்திரி முழுக்க மினுக்கும், அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டோம். சார்ஜ் போடுவது பழைய மைக்ரோ யு.எஸ்.பி.யில். வீட்டில் இப்போது எல்லோரிடமும் சி டைப் கேபிள்தான் இருக்கும். பெட்டியோடு வருவது ஒரு முழம்கூடத் தேறாது, கட்டில்வரை எட்டாது. வாங்கும்போதே நீளமான கேபிள் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.