பழைய வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை வந்தால் உஷார்

பல வருடமாகச் சுண்ணாம்பு கூடப் பார்க்காத வீடு, விற்பனைக்கு வரும் மாதத்தில் மட்டும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து நிற்கிறதென்றால் சந்தேகப்படுங்கள். அப்படி வாங்கியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். குடியேறும்போது சுவரெல்லாம் பளிச்சென்று இருக்கும். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளிக்கும், சீலிங்கில் பழுப்புக் கோடு தெரியும். விற்றவர் போனை எடுக்க மாட்டார். கூப்பிட்டதும் வருகிற கான்ட்ராக்டர், அதே இடத்தில் மறுபடியும் பட்டி வைத்து மூடிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போவார். ஆறு மாதத்தில் அதே இடம் மறுபடி உரியும்.

முதலில் ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். செங்கலிலும் கலவையிலும் உள்ள நுண்துளைகள் வழியாக மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் போடாத வீடுகளிலும், போட்டது உடைந்துபோன வீடுகளிலும் பொதுவாக ஒரு மீட்டர் வரை ஏறும். தண்ணீர் காய்ந்துவிடும், அதோடு வந்த உப்பு சுவரிலேயே தங்கும். உப்புப் பூத்து விரியும்போதுதான் பூச்சு உதிர்கிறது. பெயின்ட்டுக்குக் கீழே இருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரின் அடிப்பகுதியில் வைத்து, நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அது அறைக் காற்றின் ஈரம். வீட்டுக்காரர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

இதற்குக் கான்ட்ராக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் வைத்தியம், ‘வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் கலந்து சிமென்ட் பூசிவிடலாம்’ என்பது. கேட்க நன்றாக இருக்கும். வெளியேற வழி இல்லாத ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் மேலே ஏறும். மூன்றடியில் நின்றது ஐந்தடிக்குப் போகும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் சேதம் இன்னும் மோசம். அந்தச் சுவர் மூச்சு விட்டுக் காய்வது, அதன் மேல் சிமென்ட்டும் பிளாஸ்டிக் எமல்ஷனும் பூசுவது அதன் வாயைப் பொத்துவது போல. அங்கே சுண்ணாம்புப் பூச்சுதான் போட வேண்டும்.

சரியான வேலை பொறுமை கேட்கும். ஈரம் வரும் வழியை முதலில் பிடிக்க வேண்டும். வெளித்தரை காலப்போக்கில் மண் ஏறி ஈரத்தடுப்புப் படலத்துக்கு மேலே வந்திருக்கும். அதற்கு 15 செ.மீ. கீழே இருக்கும்படி தோண்ட வேண்டும். குளியலறை டிரெயின் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு ஈரக்கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். படலமே இல்லாத சுவரென்றால், கீழ் வரிசைக் கலவை இணைப்பில் 12 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில் துளை போட்டு ஈரத்தடுப்பு கிரீம் செலுத்தலாம். அதன் பின் காய விட வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது நடைமுறைக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் முழுசாகக் காய ஒன்பது மாதம் வரை ஆகும். ஒரு வாரத்தில் பட்டி, பெயின்ட் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது சீலிங். இங்கே போவது பணம் மட்டுமில்லை, தலைமேல் விழுகிற விஷயம். சுத்தியின் மரக்கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘கிண்’ என்று கேட்டால் நல்ல காங்கிரீட், ‘டொப்’ என்றால் உள்ளே பிடிப்பு விட்டுக் கழன்றிருக்கிறது. நேர்கோடாக, சம இடைவெளியில் விரிசல் ஓடினால் கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தம்தான் காங்கிரீட்டைப் பிளக்கிறது.

இதில் நடக்கும் ஏமாற்று வேலையைக் கிட்டத்தில் பாருங்கள். தொங்குகிற சில்லுகளை மட்டும் தட்டிவிடுவார்கள். கம்பியின் கீழ்ப்பக்கம் தெரியும், அதன் மேல் ரெட் ஆக்சைடு ஒரு கை. பிறகு சிமென்ட் பூச்சு, பட்டி, பெயின்ட். கம்பியின் முதுகுப் பக்கத் துரு அப்படியே இருக்கும். ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்தில் துரு முன்பைவிட வேகமாகவும் பிடிக்கும். நியாயமாகச் செய்தால் முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். துருவில்லாத கம்பி தெரியும் வரை கொத்த வேண்டும். கம்பிக்குப் பின்னால் 2 செ.மீ. இடம், விரல் நுழைகிற அளவு, விட வேண்டும். கம்பியைப் பளபளக்கும் வரை தேய்த்து, காலிப்பர் வைத்து அளக்க வேண்டும். 10 மி.மீ. கம்பி 8 ஆகியிருந்தால், இரண்டுதானே போயிற்று என்று நினைக்கத் தோன்றும். வெட்டுப் பரப்பில் 36 சதவீதம் போய்விட்டது. அங்கே பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தே ஆக வேண்டும். அதன் பின் கம்பிக்கு ஜிங்க் பிரைமர், பழைய காங்கிரீட்டோடு புதுக் கலவை பிடிக்க ஒட்டுப்பூச்சு, அதன் ஈரம் காய்வதற்குள் பாலிமர் கலவை அடுக்கடுக்காக, பிறகு கலவையைத் தயாரித்த நிறுவனம் சொல்கிற நாள் கணக்குக்கு நனைப்பு. மாடியில் கசிவை அடைக்காமல் கீழே எது செய்தாலும் வீண்.

அந்த மாடி வேலையிலும் ஒன்று கவனியுங்கள். பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொன்று போடுவது கான்ட்ராக்டருக்கு லாபம், இடிக்கிற கூலியும் குப்பை அள்ளுகிற வாடகையும் மிச்சம். 5 செ.மீ. கனத்துக் கலவை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. 80 சதுர மீட்டர் மாடியில் 8 டன், துருப்பிடித்த கம்பிகளின் மேல்.

வயரிங்கில் புது சுவிட்ச் தகட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு தகடுகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே விறைத்து நொறுங்குகிற பழைய இன்சுலேஷனும், எர்த் வயரே இல்லாத சாக்கெட்டும் பல வீடுகளில் இருக்கும்.

ஹாலைப் பெரிதாக்கச் சுவரை எடுக்கலாம் என்று மேஸ்திரி சொன்னால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் தராமல் ஒரு செங்கலையும் தொட விடாதீர்கள்.

கொட்டேஷனில் ‘வாட்டர் ப்ரூஃபிங் – மொத்தமாக’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை சதுர மீட்டர், எத்தனை மி.மீ. கனம், எந்தப் பொருள், எத்தனை கோட், எவ்வளவு தண்ணீர் கலப்பது, குப்பை அள்ளுவது யார் என்று வரி வரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணைப் பணத்தையும், வேலையைப் பூசி மூடுவதற்கு முந்தைய கட்டம் முடிந்ததும் கொடுப்பதாக வையுங்கள்: கம்பி தேய்த்து முடித்ததும், பைப் பிரஷர் டெஸ்ட் ஆனதும், வயர் இழுத்ததும். அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்த பிறகே பூச்சு.

மாடிக்கு 48 மணி நேரம் தண்ணீர் கட்டும் சோதனை வையுங்கள். முதல் நாளே பென்சிலால் மட்டத்தைக் குறித்து, பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரத்திலும் தண்ணீர் வைத்துவிடுங்கள். பாத்திரத்தில் எவ்வளவு குறைந்ததோ அது வெயிலுக்குப் போன தண்ணீர். மாடியில் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால், சீலிங்கில் இன்னும் ஈரம் தெரியாவிட்டாலும் கசிவு இருக்கிறது. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகே கொடுப்பதாக, வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.